எர்லிக் பெயர் சூட்டிய உயிரணு

ஐப்பசி பிறந்துவிட்டால் மண்ணச்சநல்லூரில் தும்மலுக்குப் பஞ்சமில்லை. திருச்சியிலிருந்து கொள்ளிடம் பாலத்தைக் கடந்து, நம்பர் ஒன் டோல்கேட்டில் துறையூர் சாலையைப் பிடித்தால் வரும் இவ்வூர் பொன்னி அரிசிக்குப் பெயர் பெற்றது. நெல் அவிக்கும் ஆவியும், உமித் தூசியும், தவிட்டு வாசனையும் ஆலைகளைச் சுற்றி ஆண்டு முழுவதும் உண்டு. மழைக்காலத்தில் சளிக் காய்ச்சலும் அவற்றோடு சேர்ந்துகொள்ளும். மூக்கில் நீர் வழிய நிற்கும் ஒருவர் ஆலைத் தூசியால் தும்முகிறாரா, இன்ஃப்ளூயன்சா வைரஸால் தும்முகிறாரா என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட முடியாது. மருந்துக் கடையிலோ இருவருக்கும் பெரும்பாலும் ஒரே மாத்திரைதான்.

நோய் வேறு, காரணம் வேறு. ஆனால், இரண்டிலும் பங்கு கொள்ளும் உயிரணு ஒன்று நம் மூச்சுப்பாதையின் சுவர்களில் காலம்காலமாகக் குடியிருக்கிறது. அதற்கு மாஸ்ட் செல் என்று பெயர். தூசியால் வரும் ஒவ்வாமையில் அதன் பங்கு பலரும் அறிந்தது. இன்ஃப்ளூயன்சாவில் அதற்கு என்ன வேலை என்பதை அறிவியல் கடந்த சில பத்தாண்டுகளாகத்தான் உற்று நோக்குகிறது. அதைக் கண்டு பெயரிட்டவரோ, 1878-ஆம் ஆண்டில் தேர்வுகளைத் தட்டுத்தடுமாறிக் கடந்துகொண்டிருந்த, விரல்களெல்லாம் சாயக் கறை படிந்த 24 வயது ஜெர்மானிய மாணவர் பால் எர்லிக்.

பொருளாதாரம் கற்பித்துக் காலம் கழித்த எனக்கு இந்த மருத்துவர் மீது ஏன் நாட்டம் வந்தது என்று நண்பர்கள் கேட்பதுண்டு. வளர்ச்சிப் பொருளியல் வகுப்புகளில் 1918-ஆம் ஆண்டின் இன்ஃப்ளூயன்சா கொள்ளைநோய் தவறாமல் வரும். அவ்வாண்டு ஜூன் மாதம் பம்பாயில் தலைகாட்டிய அந்நோய், இந்தியாவில் மட்டும் குறைந்தது 1.2 கோடிப் பேரைக் கொண்டுபோனது. அந்த எண்ணிக்கை 1.7 கோடிக்கும் மேல் என்று கணக்கிட்டவர்களும் உண்டு. சென்னை மாகாணத்தில் இழப்பு பம்பாயை விடக் குறைவு. ஆயினும், 1911-க்கும் 1921-க்கும் இடையில் நாட்டின் மக்கள்தொகையே சற்றுக் குறைந்துபோனது. இத்தனை உழைப்பாளிகள் மறைந்தபின் சாகுபடிப் பரப்பு குறைந்ததா, இல்லையா என்பதை வைத்து, வேளாண்மையில் உபரி உழைப்பு உண்டா என்று தியோடர் ஷூல்ட்ஸ் 1964-இல் ஒரு வாதத்தை எழுப்பினார். அமர்த்திய சென் 1967-இல் அதை மறுத்தார். இவ்விருவரின் வாதத்தைப் பல ஆண்டுகள் நான் பாடமாக நடத்தியிருக்கிறேன். எத்தனை பேர் இறந்தார்கள் என்று கேட்டோமே தவிர, இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள் இருந்த திடகாத்திரமானவர்கள் ஏன் அவ்வளவு எண்ணிக்கையில் இறந்தார்கள் என்று என் வகுப்பில் யாரும் கேட்டதில்லை, நானும் கேட்டதில்லை. ஓய்வுபெற்ற பின் அந்தக் கேள்வியைத் துரத்திக்கொண்டு போனபோதுதான் எர்லிக்கிடம் வந்து சேர்ந்தேன்.

அவர் பிறந்தது 1854 மார்ச் 14 அன்று, பிரஷ்ய ஆட்சியின் கீழிருந்த சைலீசியாவின் ஸ்ட்ரேலன் என்ற சிற்றூரில். இன்று அது போலந்தில் இருக்கிறது. யூதக் குடும்பம். தந்தை மது வடிக்கும் தொழிலோடு அரசு லாட்டரி வசூலையும் கவனித்தவர். தாயின் உறவினரான கார்ல் வைகர்ட் நோய்க்குறியியல் அறிஞர். அனிலின் சாயங்களைக் கொண்டு பாக்டீரியாக்களைக் கண்ணுக்குத் தெரியவைத்த முன்னோடி. பையனுக்குச் சாயப் பித்து அங்கிருந்துதான் தொற்றியிருக்க வேண்டும். பள்ளியில் கட்டுரை எழுதுவது அவருக்கு எட்டிக்காய். வாழ்க்கை ஒரு கனவு என்ற தலைப்பில் எழுதச் சொன்னபோது, வாழ்க்கையை ஆக்சிஜனேற்றமாகவும் கனவை மூளையின் ஒளிர்வாகவும் விளக்கி, ஆசிரியரின் கோபத்துக்கு ஆளானதாக ஒரு கதை உண்டு.

பிரெஸ்லாவ், ஸ்ட்ராஸ்பர்க், ஃப்ரைபர்க், லைப்ஸிக் என்று ஊர் ஊராக அவர் மருத்துவம் படித்தார். ஸ்ட்ராஸ்பர்க்கில் உடற்கூற்றியல் பேராசிரியர் வால்டையர், இந்த மாணவரின் மேசை மட்டும் நாள்தோறும் வண்ணத் திட்டுகளால் நிறைவதைப் பார்த்தார். பாடத்திட்டத்தில் இல்லாத அந்த விளையாட்டைத் தடுக்காமல் விட்டார். பிரெஸ்லாவுக்கு ராபர்ட் கோக் வந்திருந்தபோது, சாயமேற்றுவதில் கெட்டிக்காரன், ஆனால் தேர்வில் தேறமாட்டான் என்ற பொருளில் எர்லிக்கை அவருக்கு அறிமுகப்படுத்தினார்களாம். வால்டையர் போன்ற ஆசிரியர்கள் எல்லாக் கல்லூரிகளிலும் ஓரிருவர் உண்டு. பாடத்திட்டத்தை முடிப்பதையே கடமையாகக் கொண்டிருந்த என் போன்றோருக்கு அவர்களை நினைத்தால் சற்று வெட்கமாகத்தான் இருக்கிறது.

அந்தச் சாயங்களைப் பற்றி ஒரு சொல். அனிலின் என்ற பெயருக்குள் நம் நாட்டின் நீலம் ஒளிந்திருக்கிறது. நீலம் என்ற சொல் அரபியர் வாயில் அந்நீல் ஆகி, போர்ச்சுகீசியரிடம் அனில் ஆயிற்று. அவுரிச் செடியிலிருந்து எடுத்த நீலத்தை வாலையில் வடித்துப் பெற்ற எண்ணெய்க்கு 1840-களின் தொடக்கத்தில் ஒரு வேதியியலர் அனிலின் என்று பெயர் வைத்தார். பின்னர் அதே பொருளைக் கரித்தாரிலிருந்து மலிவாக எடுக்கக் கற்றுக்கொண்ட ஜெர்மானியத் தொழிற்சாலைகள், அதைக் கொண்டு நூற்றுக்கணக்கான செயற்கைச் சாயங்களைச் சந்தைக்குக் கொண்டுவந்தன. 1897-இல் செயற்கை நீலமே வந்துவிட்டது. வங்காளத்திலும் பீகாரிலும், நம் பக்கம் கடப்பையிலும் தென்னார்க்காட்டிலும் அவுரி பயிரிட்டு வந்த வேளாண்மை அதன்பின் தலைதூக்கவில்லை. காந்தியடிகள் 1917-இல் சம்பாரணுக்குச் சென்றபோது அங்கே நடந்துகொண்டிருந்தது, சரிந்துவிட்ட அந்தத் தொழிலின் சுமையைக் குடியானவர் தலையில் இறக்கும் வேலை. நம் குடியானவர்களின் வயிற்றில் அடித்த அதே தொழில்தான் எர்லிக்கின் கையில் சாயக் குப்பிகளைக் கொடுத்தது. இதை எந்தப் பேரேட்டின் எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று எனக்கு இன்றும் விளங்கவில்லை.

இணைப்புத் திசுவின் மெல்லிய சீவல்களை டாலியா என்ற ஊதாச் சாயத்தில் தோய்த்துப் பார்த்த எர்லிக், சில உயிரணுக்கள் மட்டும் தனித்து நிற்பதைக் கண்டார். அவற்றின் உள்ளே கேழ்வரகைக் கொட்டி வைத்தாற்போல் நுண்மணிகள் நெருங்கிக் கிடந்தன. அம்மணிகள் சாயத்தை ஏற்றதோடு நில்லாமல், அதன் நிறத்தையே செவ்வூதாவாக மாற்றிக் காட்டின. அப்படியானால் அவற்றின் உள்ளே ஏதோ ஒரு வேதிப்பொருள் சாயத்தோடு பிணைகிறது என்று அவர் கொண்டார். வால்டையர் பொதுவாக வகைப்படுத்தியிருந்த உயிரணுக் கூட்டத்திலிருந்து இவற்றைப் பிரித்து, 1878-இல் லைப்ஸிக் பல்கலைக்கழகத்துக்கு அளித்த ஆய்வேட்டில் மாஸ்ட் செல் என்று பெயரிட்டார். ஜெர்மன் மொழியில் அதற்குக் கொழுக்க வளர்த்த உயிரணு என்று பொருள். ஊட்டம் மிகுந்த திசுக்களில் இவை பெருகுகின்றன, மணிகள் எல்லாம் சேமித்த உணவு என்பது அவரது ஊகம்.

ஊகம் தவறு, பெயர் மட்டும் நின்றுவிட்டது. அந்த மணிகள் உணவல்ல, வெடிமருந்து.

அது தெரிய முக்கால் நூற்றாண்டு ஆயிற்று. 1910-இல் இங்கிலாந்தில் ஹென்றி டேலும் பேட்ரிக் லைட்லாவும் ஹிஸ்டமைன் என்ற பொருள் இரத்தக் குழாய்களையும் மூச்சுக்குழல் தசைகளையும் என்ன பாடுபடுத்துகிறது என்று விளக்கினர். 1950-களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் டண்டியில் ரைலியும் வெஸ்டும் அந்த ஹிஸ்டமைன் உடலில் சேமிக்கப்படும் இடம் மாஸ்ட் செல்லின் மணிகளே என்று காட்டினர். லைட்லாவின் வாழ்வில் இன்னொரு வியப்பும் உண்டு. இன்ஃப்ளூயன்சா நோயை உண்டாக்குவது வைரஸ் என்பதை 1933-இல் லண்டனில் கீரி இனத்தைப் போன்ற ஃபெரட் என்ற பிராணிகளைக் கொண்டு நிறுவிய மூவரில் அவரும் ஒருவர். ஹிஸ்டமைனும் இன்ஃப்ளூயன்சா வைரஸும் ஒரே மனிதரின் கைகளைக் கடந்து சென்றிருக்கின்றன. இரண்டுக்கும் இடையில் நின்ற உயிரணு மட்டும் அப்போது யார் கண்ணிலும் படவில்லை.

பட்டம் பெற்றதும் எர்லிக் பெர்லினின் புகழ்பெற்ற ஷாரிட்டே மருத்துவமனையில் ஃப்ரெரிக்ஸ் என்ற மருத்துவரிடம் சேர்ந்தார். அவரும் இந்த இளைஞரை அவர் போக்கில் விட்டவர். அமிலச் சாயம், காரச் சாயம் என்று எதை எந்த மணி ஏற்கிறது என்பதைக் கொண்டு இரத்த வெள்ளையணுக்களை எர்லிக் இனம் பிரித்தார். இயோசினோஃபில் என்று இன்று இரத்தப் பரிசோதனை அறிக்கையில் நாம் படிக்கும் பெயர் அந்தக் காலத்தில் அவரிட்டதுதான். 1882 மார்ச் 24 அன்று காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததாகக் கோக் அறிவித்த கூட்டத்தில் எர்லிக்கும் இருந்தார். அன்றிரவே கிருமிக்குச் சாயமேற்ற இன்னும் நல்ல வழியைத் தேட உட்கார்ந்தார். ஈரமான கண்ணாடித் தகடுகளை அணைந்திருந்த கணப்படுப்பின் மேல் வைத்துவிட்டுத் தூங்கப் போனதாகவும், காலையில் பணிப்பெண் அறியாமல் அடுப்பை மூட்ட, அந்தச் சூட்டில் சாயம் நன்றாகப் பற்றியதாகவும் சொல்வார்கள். கதை எப்படியிருந்தாலும் முறை நிலைத்தது. ஆறாண்டுகளுக்குப் பின், 1888-இல், அதே முறையில் தம் சளியைச் சோதித்தபோது அதில் காசநோய்க் கிருமி தெரிந்தது.

அதற்குள் ஃப்ரெரிக்ஸ் இறந்து, அவ்விடத்துக்கு வந்தவர் எர்லிக்கின் சுதந்திரத்தைக் குறைத்திருந்தார். ஹெட்விக் பிங்கஸை 1883-இல் மணந்து, இரு பெண் குழந்தைகளுக்குத் தந்தையாகியிருந்த அவர், வேலையை விட்டுவிட்டு எகிப்தின் உலர்ந்த காற்றை நாடிச் சென்றார். 1889-இல் நலம் பெற்றுத் திரும்பியபோது கையில் பதவி ஏதுமில்லை. பெர்லினுக்கு அருகே சொந்தச் செலவில் சிறிய ஆய்வகம் ஒன்றை வைத்துக்கொண்டார். அந்தக் குளிர்காலத்தில்தான் ரஷ்யக் காய்ச்சல் என்று பெயர் பெற்ற கொள்ளைநோய் ஐரோப்பா முழுவதும் பரவியது. அடுத்துக் கோக்கின் நிறுவனத்தில் எர்லிக்குக்கு இடம் கிடைத்தது. 1892-இல் அங்கிருந்துதான் ரிச்சர்ட் ஃபைஃபர் இன்ஃப்ளூயன்சாவுக்குக் காரணம் தாம் கண்ட ஒரு பாக்டீரியா என்று அறிவித்தார். அறிவித்தவரின் செல்வாக்கு பெரிது, அறிவிப்போ பிழை. 1918-இலும் உலகம் அந்தப் பாக்டீரியாவைத் தேடிக்கொண்டிருந்தது.

எர்லிக் அந்தப் பக்கம் போகவில்லை. குழந்தைகளைத் தொண்டை அடைத்துக் கொன்ற டிஃப்தீரியாவுக்குப் பேரிங் கண்ட எதிர்நஞ்சு சீரம் ஒரு புட்டியில் வேலை செய்தது, மறு புட்டியில் செய்யவில்லை. அதன் வலிமையை அளக்க ஒரு வழியையும், மாறாத ஓர் அலகையும் எர்லிக் 1897-இல் வகுத்துக் கொடுத்தார். என் பார்வையில் அவர் செய்த மிகப்பெரிய பொதுப்பணி இதுதான். மரக்காலும் படியும் ஊருக்கு ஊர் மாறினால் நெல் வியாபாரம் என்னவாகும் என்பது மண்ணச்சநல்லூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. உயிர் மருந்துக்கு முத்திரைப் படி கொடுத்தவர் அவர். 1922-இல் வகுத்த பன்னாட்டு அலகுக்கு அடிப்படையும் அதுவே. அதற்கு முந்திய ஆண்டில் ஸ்டெக்லிட்ஸில் அவருக்கென்று அரசு ஒரு நிறுவனம் தந்திருந்தது. பழைய ரொட்டி அடுமனையைச் சீர்செய்த எளிய கட்டடம் அது. 1899-இல் அது ஃப்ராங்க்பர்ட்டுக்கு மாறியது. சீரத்தால் பேரிங்குக்குச் செல்வமும், 1901-இல் முதல் மருத்துவ நோபல் பரிசும் கிடைத்தன. எர்லிக்குக்கு மிஞ்சியது மனக்கசப்பு.

அலகை வகுக்கும் அந்த வேலையினூடே பிறந்தது அவரது பக்கச்சங்கிலிக் கோட்பாடு. உயிரணுவின் மேற்பரப்பில் பூட்டுப் போன்ற ஏற்பிகள் உண்டு, நஞ்சு அவற்றில் சாவியைப் போலப் பொருந்தினால்தான் அதனால் தீங்கு செய்ய முடியும் என்றார். உயிரணுவின் ஏற்பி என்று இன்று மருத்துவ மாணவர்கள் சொல்லும்போதெல்லாம், சாயமும் மணியும் பிணைவதைப் பார்த்த அந்த மாணவப் பருவத்து எர்லிக்கைத்தான் நினைவுகூர்கிறார்கள். இன்ஃப்ளூயன்சா வைரஸ் மூச்சுப்பாதை உயிரணுக்களில் சயாலிக் அமிலம் என்ற சர்க்கரையைப் பற்றிக்கொண்டே உள்ளே நுழைகிறது. தூசியால் வரும் ஒவ்வாமையில் மாஸ்ட் செல் வெடிப்பதும், அதன் மேற்பரப்பு ஏற்பிகளில் அமர்ந்திருக்கும் எதிர்ப்பொருள்கள் தூண்டப்படும்போதுதான். வழிகள் வெவ்வேறு, இரண்டிலும் கோட்பாடு அவருடையது.

1901-இல் அவர் சொன்ன இன்னொரு கருத்துதான் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. ஓர் ஆட்டுக்கு மற்ற ஆடுகளின் இரத்தத்தைச் செலுத்தினால், அந்த இரத்தத்தின் சிவப்பணுக்களைச் சிதைக்கும் எதிர்ப்பொருளை அது உண்டாக்கியது. தன் சொந்த இரத்தத்தைச் சிதைக்கும் பொருளை மட்டும் உண்டாக்கவே இல்லை. இதிலிருந்து, தனக்குத் தானே நஞ்சிடுவதற்கு உடல் அஞ்சும், அதைத் தடுக்கும் ஏற்பாடு உடலுக்குள் உண்டு என்ற விதியை எர்லிக் வகுத்தார். அழகான விதி. இயற்கை அப்படித்தான் இருக்க வேண்டும் என்று நமக்கும் தோன்றும். அடுத்த ஆண்டே பிரான்சில் ரிஷேவும் போர்ட்டியேவும், கடல் உயிரியின் நஞ்சைச் சிறிதளவு இரண்டாம் முறை செலுத்திய நாய்கள் காப்புப் பெறுவதற்குப் பதிலாகச் சில நிமிடங்களில் இறப்பதைக் கண்டனர். 1906-இல் ஒவ்வாமை என்ற கருத்துக்குப் பீர்க்கே பெயர் கொடுத்தார். பாதுகாக்க வேண்டிய ஏற்பாடே உடலைத் தாக்கவும் கூடும் என்பது ஒவ்வொன்றாகத் தெளிவாயிற்று. அந்தத் தாக்குதலின் முன்வரிசையில் நிற்கும் உயிரணு, எர்லிக் தம் 24-ஆம் வயதில் பெயரிட்ட அதே மாஸ்ட் செல். தம் விதிக்கு மாறான சாட்சியை அவரே இளமையில் கண்டெடுத்திருந்தார். ஆனால், அதை அறியாமலேயே மறைந்தார்.

இனி இன்ஃப்ளூயன்சாவுக்கு வருவோம். மாஸ்ட் செல்கள் இரத்தக் குழாய்களையும் நரம்பு முனைகளையும் ஒட்டி, மூச்சுப்பாதையின் உட்சுவருக்குக் கீழே காவல் இருக்கின்றன. தூண்டப்பட்டால் நிமிடங்களுக்குள் மணிகளைக் கொட்டிவிடும். ஹிஸ்டமைனும், புரதத்தை வெட்டும் நொதிகளும், எர்லிக்கின் சாயத்தைச் செவ்வூதாவாக்கிய ஹெப்பாரினும் வெளிவரும். குழாய்ச் சுவர்கள் கசியும், திசு வீங்கும், சளி பெருகும். அதன்பின் சில மணி நேரத்தில், மற்ற வெள்ளையணுக்களை அழைக்கும் சைட்டோகைன்களையும் அவை உண்டாக்குகின்றன. சிறிய அளவில் இது நல்ல காவல். எலிகளுக்கு மூக்கு வழியாகக் கொடுத்த தடுப்பூசியோடு மாஸ்ட் செல்லைத் தூண்டும் பொருளைச் சேர்த்தபோது எதிர்ப்பாற்றல் வலுப்பெற்றதாக 2008-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஆனால், நுரையீரலின் காற்றறைகளில் இதே கசிவு கட்டுமீறினால், மூச்சுக் காற்று இருக்க வேண்டிய இடத்தில் நீர் நிறையும்.

இன்ஃப்ளூயன்சா வைரஸ் மாஸ்ட் செல்லுக்குள்ளும் நுழையக்கூடும் என்றும், அங்கே அது பெரிதாகப் பெருகாவிட்டாலும் அந்த உயிரணுவை உசுப்பிவிடும் என்றும் ஆய்வகச் சோதனைகள் தெரிவிக்கின்றன. மாஸ்ட் செல் இல்லாமல் பிறக்கும் எலி வகைகள், சில வைரஸ் வகைகளின் தொற்றில் மற்ற எலிகளை விடக் குறைவாகவே நலிவுற்றன. வேறு வைரஸ் வகைகளில் அந்த வேறுபாடு இல்லை. பறவைக் காய்ச்சல் எனப்படும் எச்5என்1 தொற்றிய எலிகளுக்கு, வைரஸை அடக்கும் ஓசெல்டமிவிரோடு மாஸ்ட் செல்லை அமைதிப்படுத்தும் கீட்டோடிஃபென் மருந்தையும் சேர்த்துக் கொடுத்தபோது அதிகம் பிழைத்ததாகச் சீன ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்டனர். எலிக்குப் பலித்தது மனிதருக்குப் பலிக்கும் என்று பொருளில்லை. மருந்துக் கடையில் தும்மலுக்கு வாங்கும் மாத்திரை ஹிஸ்டமைனை மட்டும் மறிக்கிறது. மூக்கு ஒழுகுவது சற்றுக் குறையலாம், ஆனால் வைரஸ் தன் வேலையைத் தொடரும். முதியவர்களும், ஆஸ்துமா உள்ளவர்களும், கர்ப்பிணிகளும், காய்ச்சலோடு மூச்சுத்திணறல் வந்தவர்களும் அந்த மாத்திரையை நம்பி நாட்களைக் கடத்தக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு விளக்கமாக எழுதுகிறேன். ஓசெல்டமிவிர், நோய் தொடங்கிய இரண்டு நாட்களுக்குள் மருத்துவர் ஆலோசனையோடு தொடங்கினால்தான் நன்கு பயன்படும்.

1918-இல் திடகாத்திரமானவர்கள் மாண்டதற்கு, அவர்களது எதிர்ப்பாற்றலே மிகையாகக் கிளர்ந்து நுரையீரலை நிரப்பியது என்பது இன்று முன்வைக்கப்படும் விளக்கங்களுள் ஒன்று. மாஸ்ட் செல் அந்தக் கிளர்ச்சியில் ஒரு பங்காளிதான். ஒரே குற்றவாளி அல்ல. ஷூல்ட்ஸும் சென்னும் வாதிட்ட அந்த உழைப்பாளிகளின் நுரையீரலில் என்ன நடந்தது என்று, வகுப்பறையை விட்டு வந்தபின்தான் எனக்கு ஓரளவு புரிகிறது.

எர்லிக்கின் எஞ்சிய வாழ்க்கையைத்தான் உலகம் நன்கு அறியும். வங்கியாளர் கேயார்க் ஸ்பையரின் மனைவி ஃப்ரான்சிஸ்கா, மறைந்த தம் கணவரின் நினைவாக அளித்த கொடையில் 1906-இல் ஃப்ராங்க்பர்ட்டில் ஓர் ஆய்வகம் எழுந்தது. சாயம் ஒரு திசுவை மட்டும் தேடிப் பற்றுமானால், கிருமியை மட்டும் தேடிக் கொல்லும் பொருளையும் ஆக்க முடியும் என்பது அவரது பழைய எண்ணம். மெதிலீன் நீலத்தை 1891-இலேயே மலேரியா நோயாளிகள் இருவருக்குக் கொடுத்துப் பார்த்திருந்தார். இப்போது ஆர்சனிக் சேர்மங்களை வரிசை எண்ணிட்டு ஒவ்வொன்றாகச் சோதித்தார்கள். 1908-இல் மெச்னிகாஃபோடு நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மறு ஆண்டு, ஜப்பானிலிருந்து வந்த சகாசிரோ ஹட்டா, முன்பு பயனற்றதென்று ஒதுக்கிய 606-ஆம் சேர்மத்தை மீண்டும் சோதித்து, அது சிபிலிஸ் என்ற மேகநோயின் கிருமியை ஒழிப்பதைக் கண்டார். 1910-இல் அது சல்வர்சான் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. அதற்கு முன் சுமார் 65,000 புட்டிகளை மருத்துவர்களுக்கு விலையின்றி அனுப்பி, பயனையும் கேட்டையும் எழுதி அனுப்பச் சொல்லியிருந்தார். புதிய மருந்துக்கு இன்றும் பலர் காட்டாத பொறுமை அது.

புகழோடு பழியும் வந்தது. சில நோயாளிகள் பக்கவிளைவால் துன்புற்றார்கள். நோயைத் தண்டனையாகக் கருதியவர்களுக்கு மருந்தே பாவமாகத் தெரிந்தது. இலாபத்துக்காகச் செய்கிறார் என்ற வசையில் யூத வெறுப்பும் கலந்திருந்தது. 1914-இல் ஃப்ராங்க்பர்ட் நீதிமன்றத்தில் நடந்த அவதூறு வழக்கில் அவர் சாட்சி சொன்னார். அவதூறு பரப்பியவர் சிறைக்குச் சென்றார். அதே ஆண்டில்தான் ஃப்ராங்க்பர்ட்டின் புதிய பல்கலைக்கழகம் அவருக்கு முழுப் பேராசிரியர் பதவியைத் தந்தது. நோபல் பெற்று ஆறாண்டுகள் கழித்து! போர் மூண்டதும், ஜெர்மனியின் செயலை ஆதரித்து 93 அறிஞர்கள் விடுத்த அறிக்கையில் அவரும் கையொப்பமிட்டார். அவரைப் போற்றுகிறவர்கள் இதை விட்டுவிட்டு எழுதுவது சரியல்ல.

நாளொன்றுக்கு 25 சுருட்டு என்பது அவரது கணக்கு. சுருட்டுப் பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, உதவியாளர்களுக்கு அன்றன்றைய வேலையை வண்ண அட்டைகளில் கிறுக்கிக் கொடுத்து, உணவை மறந்து திரிந்த அந்த உடல் 1914 இறுதியில் பக்கவாதத்தால் தளர்ந்தது. 1915 ஆகஸ்ட் 20 அன்று பாட் ஹோம்பர்க்கில் அவர் காலமானார். வயது 61. உலகை உலுக்கிய இன்ஃப்ளூயன்சா வர இன்னும் மூன்றாண்டுகள் இருந்தன.

ஹிட்லர் ஆட்சியில் ஃப்ராங்க்பர்ட்டில் அவர் பெயரிட்ட தெருவின் பலகை அகற்றப்பட்டது. முதுமையில் நாட்டைவிட்டு வெளியேறிய ஹெட்விக் அமெரிக்காவில் இறந்தார். போருக்குப் பின் பெயர் திரும்பி வந்தது. ஸ்டெக்லிட்ஸின் அடுமனையில் தொடங்கிய நிறுவனம் இன்று ஃப்ராங்க்பர்ட் அருகே லாங்கன் நகரில் பால் எர்லிக் நிறுவனமாக, தடுப்பு மருந்துகளைச் சோதித்து உரிமம் தரும் ஜெர்மன் அரசு அமைப்பாக இயங்குகிறது. ஆண்டுதோறும் மாறும் இன்ஃப்ளூயன்சா தடுப்பூசியும் அதன் மேற்பார்வையில் அடங்கும். யூரோ வருவதற்கு முன் புழங்கிய 200 மார்க் நோட்டின் முன்பக்கத்தில் எர்லிக்கின் முகம் இருந்தது. பின்பக்கத்தில் இருந்தது ஒரு நுண்ணோக்கி.